காலித் தூக்கு

இன்று காலை ரந்தாவ் பள்ளிக்கூட ட்ரிப்பை முடித்துவிட்டு வேனை நிறுத்த வந்தால், எங்கள் வீட்டுக் கேட்டுக் கம்பியில் என் தூக்குச்சட்டி தொங்குகிறது. உன் அம்மாதான் கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பெல் அடிக்கவில்லை, ஒரு குரல் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தாராம். அவருக்குத் தெரியவே இல்லை. வயசான மனுஷி, மம்பாவிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு வாய் கோப்பிகூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறார்.

புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். அந்த வாசனை இன்னும் போகவில்லை. மூடி இறுக்கமாக இருக்கிறது. மேசைமேல் வைத்து, அதற்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். திறக்கமாட்டேன். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கை சீனி. இல்லாவிட்டால் முருங்கைக்கீரை. சோறு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்துவிட்டால் வானம் இடிந்து தலையில் விழுந்துவிடும் உங்கள் வீட்டில்.

உன்னைக் கொன்றது அந்த ஒரு கை சீனிதான். டாக்டர் வேறு பெயர் சொன்னார். சொல்லட்டும். நீ உயிரோடு இருந்தபோது என்னைப் பேசவிட்டதில்லை. நான் வாயைத் திறந்தால் "சரி சரி, வண்டிய எடு" என்பாய். இன்றைக்கு மத்தியான ட்ரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உட்கார்ந்து கேள்.

இந்தத் தூக்கின் அடியைத் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். ஒரு காலத்தில் அங்கே என் அப்பாவின் பெயர் இருந்தது. சிரம்பான் பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்த பெயர். அதைச் சுரண்டி எடுத்தவள் நீ.

எழுபதுகளில், கோலா சாவா பக்கம் நம் ரப்பர் தோட்டத்தில் பால் ஏற்றிப் போன லோரி கவிழ்ந்து உன் அப்பா இறந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சோறு வந்தது. கருமாதி முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. உன் அம்மா ஒருவருடைய பால்வெட்டுச் சம்பளத்தில் அந்த வீடு ஓடாது என்று எல்லாருக்கும் தெரியும். கொடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொன்றையும் ஏதாவது போட்டுத்தான் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது லயத்தின் வழக்கம். உன் அம்மா முதலில் சீனி போட்டு அனுப்பினார். சீனி தீர்ந்ததும் வீட்டுப் பின்னால் இருந்த முருங்கையை உருவ ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் ஏதோ பாண்டி விளையாட்டுச் சண்டை. என் அக்கா உன்னைப் பார்த்து, "எங்க தூக்குல தின்னவதானே நீ" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்று எங்கள் தூக்கு உங்கள் வீட்டில் இருந்தது. சாயங்காலம் வாசல் சிமெண்டுப் படியில் அதைக் கவிழ்த்துவைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து என் அப்பாவின் பெயரை அழித்துவிட்டாய். என் அம்மா வந்து லயமே கூடும்படி சத்தம் போட்டார். உன் அம்மா உன்னை வெளக்கமாற்றால் அடித்தார். நான் அடி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அழவில்லை. "பேரு இருந்தா சோறு தொண்டையில எறங்கலம்மா" என்று மட்டும் சொன்னாய். உன் அம்மாவின் கை அத்தோடு நின்றுவிட்டது.

அடுத்த மழைக்காலம். மழையில் பால் வெட்ட முடியாது, வேலை இல்லை, சம்பளம் இல்லை. முருங்கை மொட்டையாக நின்றது. என் அம்மா சோறு போட்டு, இதே தூக்கை என் கையில் கொடுத்து அனுப்பினார். உன் அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி, "வேணாம்மா, எங்க வீட்டுல உலை வச்சாச்சு" என்றார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது உண்மைதான். அதில் வெறும் தண்ணீர் இருந்ததை நீதான் மறுநாள் என்னிடம் சொன்னாய். திருப்பிப் போட ஒன்றும் இல்லை என்பதற்காக வந்த சோற்றை வேண்டாம் என்று சொன்ன வீடு அது. இரண்டு பேரும் பட்டினி கிடந்தீர்கள்.

நான் இதை மறக்கவில்லை. நீயும் மறக்கவில்லை. மறந்திருந்தால் அந்த வெப்சைட்டை நீ ஏன் ஆரம்பித்திருக்கப் போகிறாய்?

தோட்டத்தை விற்றார்கள். பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்தன. லயத்தில் இருந்தவர்கள் மூலைக்கு ஒருவராய்ச் சிதறினோம். நீ செனவாங்கில் பேக்டரி வேலைக்குப் போய், மம்பாவ் பக்கம் மலிவு வீட்டில் உன் அம்மாவோடு குடியேறினாய். கல்யாணம் வேண்டாம் என்றாய். நான் கல்யாணம் பண்ணி, வீட்டுக்காரரோடு சண்டை போட்டு, லைசென்ஸ் எடுத்து, பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். ரிங்கிட் வெள்ளியின் மதிப்பு விழுந்த வருஷம் உங்கள் பேக்டரியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். நீ ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். என் வேனில்தான் ஏற்றி வந்தோம். போன் லைன் அடுப்படியில் இருந்ததால் கம்ப்யூட்டரும் அடுப்படியிலேயே உட்கார்ந்தது. எண்ணெய் தெறிக்காமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டு.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாய். போன் வயரைச் செருகினாய். அது சேவல் போலக் கொக்கரித்து, சீறி, கடைசியில் அடங்கியது. திரையில் ஒரு பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழே இறங்கியது. தமிழ் எழுத்து எல்லார் கம்ப்யூட்டரிலும் வராது என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தாய். மேலே 'காலித் தூக்கு' என்று பெயர். அதற்குக் கீழே ஒரு வரி. இடது பக்கம் 'வேணும்', வலது பக்கம் 'இருக்கு'. அவ்வளவுதான்.

"இதை யாருடி பாக்கப்போறா? லயத்துல இருந்தவங்க வீட்டுல கம்ப்யூட்டரா இருக்கு?"

"இருக்கறவங்க வீட்டுல இருக்குலா. நம்ம ஆளுங்க புள்ளைங்க கேஎல்ல, பினாங்குல, சிங்கப்பூர்ல உக்காந்துருக்காங்க. அவங்க பாப்பாங்க. இல்லாதவங்களுக்கு நீ இருக்க."

என்னைக் கேட்காமலேயே என்னைச் சேர்த்துவிட்டாய். சரி, வேன் இருக்கிறது, நான் போகாத தோட்டம் இல்லை. எந்த வீட்டில் என்ன தேவை என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற இடத்தில் என் காதில் தானாக விழும். நான் வந்து உன்னிடம் சொல்வேன். நீ தட்டுவாய். கேட்டவர் பெயர் வராது, 'ரந்தாவ் பக்கம் ஒரு வீடு' என்றுதான் வரும். கொடுத்தவர் பெயரும் வராது. சாமான் என் வேனில் வரும், நான் இறக்கிவிட்டு வருவேன். யார் கொடுத்தது என்று கேட்டால் தெரியாது என்பேன். பல நேரம் எனக்கு உண்மையாகவே தெரியாது.

முதலில் எழுதியது ஒரு சக்கர நாற்காலிக்காக. கெமாஸில் ரயில்வே வேலை பார்த்த ஒருவர், கால் போய்ப் படுத்துவிட்டார். நீ எழுதின வாரத்திலேயே ஈப்போவிலிருந்து ஒரு நாற்காலி பஸ்ஸில் ஏறி வந்தது. சிரம்பான் பஸ் ஸ்டாண்டில் அதை வேனில் ஏற்றும்போது நீ அதன்மேல் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாய். எவனோ சிரித்தான். நீயும் சிரித்தாய். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்தின் தலையில் இருந்த ஒரு வரி, 'பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரவும்.' வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ தமாஷ் மாதிரி தெரிந்திருக்கும். நம் ஆட்களுக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன செய்தார்கள்? நாற்காலி வாங்கின வீட்டிலிருந்து ஒரு தார் வாழைப்பழம் வந்தது. பள்ளிக்கூட யூனிபார்ம் வாங்கின வீட்டிலிருந்து ஒரு கோழி வந்தது, உயிரோடு, என் வேனில், பிள்ளைகளுக்கு நடுவில். வாங்க மாட்டேன் என்றால் அந்த அம்மா அழுகிறாள். கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள் கேட்கவே வரவில்லை. "ஒன்னும் தர முடியாதுங்களே" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பேசி, "காலியா குடுத்தா போதும்" என்று சொல்லிச் சொல்லி நீ தொண்டை வற்றிப் போனாய். அந்தப் பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நானாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பேன்.

இன்னொரு ரகமும் இருந்தது. வீட்டுக் குப்பையைக் கட்டி அனுப்புகிற ரகம். அக்குள் கிழிந்த சட்டை, ஒற்றைக்கால் சப்பாத்து, உள்ளாடை. உள்ளாடை! துவைக்காமல்! மேலே ஒரு சீட்டில் 'ஏழைகளுக்கு' என்று எழுதி. அந்த மூட்டையை நீ பிரித்துப் பார்த்த முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. மறுபடி கட்டினாய். வண்டியில் ஏற்று என்றாய். அது வந்த வீட்டு வாசலுக்கே, மாடி வீடு, கார் இரண்டு, கொண்டு போய் இறக்கி, வெளியே வந்த அம்மாவிடம், "இருக்குன்னு எழுதிருந்தீங்க. யாருக்கும் வேணாமாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நம் கோபம் ஒரே பக்கம் போன காலம் அது.

பிறகு மாலைக்காரர் வந்தார். சிரம்பானில் கடை வைத்திருந்தவர், ஏதோ சங்கத்துக்குத் தலைவர். எந்தப் படத்தில் பார்த்தாலும் கழுத்தில் மாலையோடு இருப்பார் என்பதால் நாம் வைத்த பெயர். பிஸ்கட்டு டின்னோடு உன் அடுப்படிக்கே வந்துவிட்டார். புதுக் கம்ப்யூட்டர் தருகிறேன், சங்கக் கட்டடத்தில் ஓர் அறை தருகிறேன், ஒழுங்கான தமிழ் எழுத்தில் பக்கம் போட ஆள் தருகிறேன் என்றார். கேட்டது ஒன்றே ஒன்று. கொடுப்பவர் படமும் பெயரும் பக்கத்தில் வர வேண்டும். வாங்குபவரும் படத்தில் நிற்க வேண்டும்.

"பேரு தெரியாட்டி யாரும்மா குடுப்பா? ஊரு ஒலகத்துல அப்படியா நடக்குது?" என்று கேட்டார்.

நீ அவருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாய். "பேரு வேணும்னா பாத்திரத்துல வெட்டிக்குங்க அண்ணே. சோத்துல வெட்டாதீங்க."

கோப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். பிஸ்கட்டு டின்னை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதமே அதே பெயரில் ஒரு பக்கம் வந்தது. காலித் தூக்கு, அழகான தமிழ் எழுத்தில், ஓரத்தில் விளக்கு எரிகிற படத்தோடு. பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை அந்த மனுஷன். உன்னுடைய அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டார். நீ "போகட்டும், நாலு பேருக்கு நல்லது நடந்தா சரி" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் நல்ல குணத்தைத் தூக்கிக் குப்பையில் போடு என்று சொன்னேன்.

என்ன நல்லது நடந்தது என்று முனியம்மாக்காவைக் கேட்டால் தெரியும். பக்கத்துத் தோட்டத்தைக் காலி பண்ணச் சொல்லி, லயத்துக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். புருஷன் இல்லாத மனுஷி, ஒரே மகள் கோமதி. இடைநிலைப்பள்ளியில் படித்தாள், என் வேனில் முன் சீட் அவளுக்கு. நாம் அந்த வீட்டுக்கு வாடகைக்கு ஓர் அறை தேடிக்கொண்டிருந்த வாரத்தில், மாலைக்காரர் ஆட்களோடு போய் இறங்கினார். அரிசி மூட்டையை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் முனியம்மாக்கா, ஓரத்தில் பள்ளிக்கூட யூனிபார்மில் கோமதி. படம் எடுத்துப் பெயரோடும் ஊரோடும் போட்டுவிட்டார். அதோடு விட்டாரா? அச்செடுத்துப் பள்ளிக்கூடப் பலகையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறார், மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்குமாம்.

மறுநாள் என் வேனில் பின் சீட்டிலிருந்து ஒருத்தன் "பெராஸ்" என்றான். அரிசிக்கு மலாய்ச் சொல். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேனை ஓரம் கட்டி அவன் காதைத் திருகினேன். பிரயோஜனம் இல்லை, அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒரு காலையில் ஹாரன் அடித்தேன், வரவில்லை. அடுத்த நாளும் அடித்தேன். இப்போது ரந்தாவில் துணிக்கடையில் நிற்கிறாள்.

நீ மாலைக்காரர் கடைக்கே போனாய். நானும் வந்தேன். படத்தை எடுங்கள் என்று கேட்டாய், கெஞ்சினாய்கூட. அவருக்கு நீ என்ன சொல்கிறாய் என்றே புரியவில்லை. திருடினோமா, பொய் சொன்னோமா, கொடுத்ததைத்தானே போட்டோம் என்றார். கெட்டவன் என்றால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். அந்த மனுஷன் உண்மையாகவே நல்லது செய்வதாக நம்பினார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது? வெளியே வந்து வேனில் உட்கார்ந்து, "அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல எங்க அக்கா சொன்னத இவரு படம் புடிச்சுப் போட்டுட்டாரு" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

இதுவரைக்கும் என் கோபம் மாலைக்காரர் மேல். இனி உன் மேல்.

மார்பில் கட்டி இருந்ததை நீ எத்தனை மாதம் மறைத்தாய்? ஒரு மெத்தையை வேனில் ஏற்றும்போது உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் நான் கத்திக் கேட்ட பிறகு. கிளினிக்கில் எப்போதோ சொல்லிவிட்டார்களாம், கேஎல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்டு வைக்க வேண்டும் என்று. தினமும் போக வேண்டும், வாரக்கணக்கில். கூட்டிப்போக ஆள் வேண்டும், வண்டி வேண்டும், உன் அம்மாவோடு இருக்க ஒருவர் வேண்டும். வேணும், வேணும், வேணும். இடது பக்கம் எழுத வேண்டியதெல்லாம் உன்னிடம் இருந்தது.

என் வேன் காலையிலும் மத்தியானத்திலும் பிள்ளைகளுக்குக் கட்டுப்பட்டது. நான் ஒருத்தி போதாது. அதனால்தான் சொன்னேன், வெப்சைட்டில் போடு என்று. உன் அடுப்படியில் கம்ப்யூட்டர் முன்னால் உன்னை உட்காரவைத்து, துண்டை எடுத்து, "நான் சொல்றேன், நீ தட்டு. மம்பாவ் பக்கம் ஒரு வீடு. அவ்ளோதான். உன் பேரு வராது. நீயே வச்ச சட்டம்தானே?" என்றேன்.

நீ விசைப்பலகையில் கை வைக்கவே இல்லை. "பேரு வராட்டி என்ன? எழுதறது நானுதானே. எனக்குத் தெரியுமே" என்றாய்.

"அப்ப இத்தன நாளு ஊருக்குச் சொன்னது?"

"ஊருக்குச் சொல்லலாம்" என்றாய். துண்டை எடுத்து மறுபடி கம்ப்யூட்டரை மூடினாய்.

அதற்குப் பெயர் என்ன தெரியுமா? உலை வச்சாச்சு என்பது. வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வாசலில் நின்றாயே, உன் அம்மா மாதிரியே. கெமாஸ்காரருக்கு நாற்காலி கேட்கத் தெரிந்தது, யார் யாருக்கோ கட்டில் கேட்கத் தெரிந்தது. ஈப்போவில், பினாங்கில் முகம் தெரியாத எத்தனை பேர் உன் பக்கத்தைத் திறந்து, இன்றைக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்தார்கள். அதில் ஒருவராவது கார் எடுத்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்களா? வந்திருப்பார்கள். எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதவில்லை. மாலைக்காரரிடம் போகவா என்று கேட்டேன். போனால் என் முகத்தில் முழிக்காதே என்றாய். அந்த விஷயத்தில் மட்டும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அவர் உன்னையும் ஓர் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருப்பார்.

கடைசியில் மத்தியான ட்ரிப்பை வேறு ஆளிடம் தள்ளிவிட்டு நானே உன்னைக் கொண்டு போனேன். டாக்டர் பெண், சின்ன வயசு. ஏன் இவ்வளவு நாள் என்று உன்னைக் கேட்காமல் என்னைக் கேட்டாள். என்ன சொல்வேன்? எங்கள் பக்கம் பாத்திரத்தைச் சும்மா திருப்பித் தர மாட்டோம் டாக்டர் என்று மலாயில் எப்படிச் சொல்வது?

நீ படுத்த பிறகு இதே தூக்கில் கஞ்சி கொண்டு வந்தேன். மறுநாள் தூக்கை எடுத்துப் போய் வீட்டில் திறந்தால், உள்ளே கிரீம் பிஸ்கட்டு. பேக்டரித் தோழிகள் உன்னைப் பார்க்க வந்தபோது வாங்கி வந்தது. எழுந்து உட்காரத் தெம்பு இல்லாதவள் அதைப் பிரித்து, அடுக்கி, மூடி அனுப்பியிருக்கிறாய். நீ! பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரவும் என்று எழுதிய நீ! அப்படியே திரும்பி வந்து பிஸ்கட்டை உன் கட்டில்மேல் கொட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் சத்தமே இல்லை.

"பழக்கம்லா. கை தானா போடுது."

அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் வலி, தண்ணீர், அம்மா, இவ்வளவுதான்.

உன் சாவு வீட்டில் நடந்ததையும் கேட்டுக்கொள். காலையில் வந்து பார்த்தால் கூடாரம் போட்டிருக்கிறது, நாற்காலி வந்திருக்கிறது, எல்லாம் சரி. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். உன் அம்மாவிடம் கேட்டு வாங்கின ஐசி அடையாள அட்டைப் படத்தை, பாவம் அவர் எதற்கென்று தெரியாமல் கொடுத்திருக்கிறார், ஊதிப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். நீ யாரையோ முறைப்பது மாதிரி இருந்தது. கீழே 'நம் சேவைச் செல்வி'. அதற்கும் கீழே கூடாரம் உபயம் இன்னார், நாற்காலி உபயம் இன்னார், குளிர்பானம் உபயம் இன்னார்.

ஒரு நிமிஷம் நின்று படித்தேன். அப்புறம் கிழித்தேன். மேலே எட்டவில்லை, நாற்காலி போட்டு ஏறிக் கிழித்தேன். ஆண்கள் ரெண்டு பேர் என்னைப் பிடிக்க வந்தார்கள். மாலைக்காரர், அன்றைக்கு மாலை இல்லாமல், "மரியாத செய்யறோம்மா, நீங்க ஏன் இப்படி?" என்றார். கண் கலங்கியிருந்தது, பொய் இல்லை.

"கூடாரம் உங்களுதுன்னா கழட்டிக்கிட்டுப் போங்க அண்ணே. நாங்க வெயில்ல உக்காந்துக்கறோம்" என்றேன்.

கழற்றவில்லை. உன் அம்மா எழுந்து வந்து, கீழே கிடந்த துண்டுகளில் உன் முகம் இருந்ததை மட்டும் எடுத்து மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

கருமாதி வரைக்கும் தினமும் இந்தத் தூக்கில் உன் அம்மாவுக்குச் சோறு கொண்டு போனேன். தினமும் ஏதாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். ஒரு நாள் சீனி, ஒரு நாள் கீரை, ஒரு நாள் துக்கத்துக்கு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ரொட்டி. மகளைப் பறிகொடுத்த மனுஷியிடம் என்ன சண்டை போடுவது? வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன். கருமாதி முடிந்து, கடைசியாகத் தூக்கை வைத்துவிட்டுக் கிளம்பும்போது மட்டும் என்னால் முடியவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டி, "அத்தை, இதுல உங்க மக என்ன எழுதி வச்சிருந்தா தெரியுமா?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நீ பேக்டரி வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்து செய்கிறாய் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார். நீயும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னவள் அடுப்படியில் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். வேணும் எது, இருக்கு எது, நாற்காலி, கோழி, எல்லாம் சொன்னேன். தலையில் இருந்த அந்த வரியையும் சொன்னேன்.

"அப்படியா எழுதினா?" என்றார். பிறகு, "காலியாவா?"

"காலியாத்தான் அத்தை."

நான் வந்துவிட்டேன். இன்றைக்குத் தூக்கு கேட்டில் தொங்குகிறது.

சரி, பேசிப் பேசி எனக்கே வாய் வலிக்கிறது. மத்தியான ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது. சீனியாக இருந்தால் கோப்பிக்காவது ஆகும் என்று இப்போதுதான் மூடியை நெம்பினேன்.

காலி.

ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு மணி சீனி இல்லை. ஓர் இலை இல்லை. ஈரம்கூட இல்லாமல் துடைத்துவைத்திருக்கிறார். கையை உள்ளே விட்டுத் தடவினேன். என்னடி இது. வாழ்நாளெல்லாம் பட்டினி கிடந்தாலும் வெறும் பாத்திரம் கொடுக்காத மனுஷி, வெறும் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். அதனால்தான் பெல் அடிக்கவில்லை. என் கையில் கொடுக்கத் தைரியம் வரவில்லை. மாட்டிவிட்டு ஓடியிருக்கிறார்.

அழுதேன். உன் சாவு வீட்டில்கூட இப்படி அழவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை வைத்துவிட்டு வந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, தூக்கு காலி என்றேன். அவருக்கு எப்படிப் புரியும்?

அடுப்பில் இருந்த புளிச்சோற்றை அதே தூக்கில் போட்டுவிட்டேன். வேனில் என் சீட்டுக்குப் பின்னால் ஒரு கொக்கி இருக்கிறதே, நீ அடித்துக் கொடுத்தது, அதில்தான் மாட்டப் போகிறேன். முனியம்மாக்கா வீட்டு வழியாகத்தான் இன்றைக்குப் போவேன். கடைக்கு விடுமுறை நாள், கோமதியும் இருப்பாள். ஹாரன் அடிப்பேன், வந்து வாங்கட்டும். உன் பக்கத்தைத் திறக்க எனக்குத் தெரியாது. தூக்கைக் காலியாகக் கொடு என்று வாயால் சொல்லத் தெரியும்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. உன் அம்மாவுக்கு, இந்த வயசில், ஒரே ஒரு தடவை சொன்னதும் முடிந்தது. உனக்கு ஏன்டி முடியவில்லை?